அக்கரை உரிமை: ஓராண்டு ஊரில் தங்கினால் போய்விடுமா?

அயல்நாட்டில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்ற ஒருவர், சொந்த ஊருக்கு வந்து ஆண்டுக் கணக்கில் தங்கிவிட்டால் அந்த உரிமை என்ன ஆகும்? தங்கிய காலத்தில் இங்கே ஒரு பெண்ணை மணந்துகொண்டால், அவளையும் கூட்டிக்கொண்டு திரும்ப முடியுமா? தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இன்று எழுகிற கேள்வி இது. 75 ஆண்டுகளுக்கு முன்பும் இதே கேள்வி எழுந்தது. அன்று அதற்குச் சரியான பதில் தெரியாமல் வாழ்வை இழந்தவர்கள் பலர்.

எரியோட்டில் ஒரு வீடு

வேடசந்தூர் வட்டத்தில் உள்ள எரியோடு பெரிய பட்டணம் அல்ல. திண்டுக்கல்–கரூர் ரயில் பாதையில் ஒரு நிலையம். சுற்றிலும் மானாவாரிக் காடுகள். கொஞ்ச தூரம் போனால் நூல் மில்கள். இந்தச் சீமையிலிருந்து முன்பெல்லாம் இலங்கைக்கும் மலாயாவுக்கும் பிழைக்கப் போனார்கள். இன்று படித்த பிள்ளைகள் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள்.

இந்த ஊரில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூத்த மகனுக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். கிரீன் கார்டு கைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒருநாள் தகப்பனாருக்குப் பக்கவாதம் என்று செய்தி போயிற்று. மூன்று வார லீவில் ஓடி வந்தார் மகன்.

மூன்று வாரம் மூன்று மாதமாயிற்று. கம்பெனியும் இரக்கப்பட்டு லீவை நீட்டிக் கொடுத்தது. "நான் இருக்கும்போதே உன் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும்" என்றார் தகப்பனார். வேடசந்தூரில் பெண் பார்த்தார்கள். கல்யாணம் முடிந்தது. பெரியவரும் தேறித் தடி ஊன்றி நடக்க ஆரம்பித்தார். மகன் நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்தபோது, அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டுப் பதினான்கு மாதம் ஓடியிருந்தது.

மாமனார் தைரியம் சொல்கிறார்: "மாப்பிள்ளை, கார்டிலே இன்னும் ஏழு வருஷம் தேதி இருக்குதே! எதுக்குங்க கவலை? பாப்பாவையும் கூட்டிக்கிட்டு நல்ல நாள் பார்த்துப் புறப்படுங்க."

மாமனார் சொன்னதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. கார்டில் தேதி இருந்தால் உரிமையும் இருக்கிறது என்று நினைத்தது முதல் தவறு. கணவனுக்கு உரிமை இருந்தால் மனைவியும் உடனே போகலாம் என்று நினைத்தது இரண்டாவது தவறு. இந்த இரண்டு தவறுகளால்தான் குடும்பங்கள் தவிக்கின்றன.

பிரஜை வேறு, நிரந்தரவாசி வேறு

ஒரு நாட்டின் பிரஜை எத்தனை வருஷம் வெளியூரில் இருந்தாலும் பிரஜைதான். முப்பது வருஷம் கழித்துத் திரும்பினாலும் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும்.

நிரந்தரவாசியின் நிலை அப்படி அல்ல. 'நிரந்தரம்' என்ற சொல்லைக் கேட்டுப் பலர் ஏமாந்து போகிறார்கள். அவர் வேறு நாட்டின் பிரஜை. 'இந்த நாட்டிலேயே வசிப்பேன்' என்று அவர் ஒப்புக்கொண்டதால் அங்கே வசிக்கவும் உழைக்கவும் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். வசிப்பதை நிறுத்தினால் அனுமதிக்கு அடிப்படையே ஆட்டம் காண்கிறது. கார்டில் அச்சிட்ட பத்து வருஷம் அந்தக் கார்டைப் புதுப்பிக்க வேண்டிய காலத்தைத்தான் காட்டுகிறது. பத்து வருஷம் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அது சொல்லவில்லை.

இலங்கை கேட்ட இரண்டு கேள்விகள்

இந்த விஷயத்தில் தமிழர்களுக்குக் கசப்பான அனுபவம் ஒன்று உண்டு. இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-லேயே பிரஜா உரிமைச் சட்டம் செய்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த லட்சக்கணக்கான இந்தியத் தமிழர்கள் அதனால் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு, 'இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் பிரஜா உரிமைச் சட்டம்' என்ற இன்னொரு சட்டம் வந்தது. விரும்புகிறவர்கள் இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யலாம் என்றது. 5-8-1951 கடைசி நாள்.

மனுச் செய்தவரிடம் சட்டம் முக்கியமாக இரண்டு கேள்விகள் கேட்டது.

முதல் கேள்வி: இடைவிடாமல் இங்கே வசித்தாயா? கல்யாணம் ஆனவர் என்றால் 1-1-1946-க்கு முன்பு ஏழு ஆண்டும், ஆகாதவர் என்றால் பத்து ஆண்டும் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். நடுவில் ஊருக்குப் போய் வரலாம். ஆனால் ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் போய்த் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது.

இரண்டாவது கேள்வி: உன் மனைவி எங்கே? கல்யாணமாகி ஓர் ஆண்டு நிறைவதற்குள் மனைவி இலங்கைக்கு வந்து, அதன்பின் இடைவிடாமல் வசித்திருக்க வேண்டும். மனைவியை மாமியாருக்குத் துணையாக ஊரில் விட்டுவிட்டுத் தோட்டத்தில் உழைத்தவன் கதி என்ன? 'உன் குடும்பம் இந்தியாவில்தானே இருக்கிறது? நீ இங்கே நிரந்தரமாக இருக்க வந்தவன் அல்ல' என்ற முடிவுக்கு அது வழி வைத்தது.

தகப்பனின் காரியத்துக்காகவும், நிலத் தகராறுக்காகவும், பெண்டாட்டியின் பிரசவத்துக்காகவும் ஊருக்கு வந்து தங்கியவர்கள், அதை ஒரு குற்றம் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். தாங்கள் போன தேதியையும் வந்த தேதியையும் எழுதி வைக்கும் பழக்கமும் அவர்களுக்கு இல்லை. சுமார் 2,37,000 மனுக்கள் குவிந்தன. எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களின் தலைவிதி அந்த மனுக்களில் அடங்கியிருந்தது. கடைசியில் உரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்குத்தான்.

மிச்சம் இருந்தவர்களைப் பங்கு போட்டுக்கொள்ளத்தான் 30-10-1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குப் போட்டார்கள். மண்டபம் முகாமில் வந்து இறங்கிய குடும்பங்களின் கதை தெற்குச் சீமையில் எல்லாருக்கும் தெரியும். இலங்கையில் எஞ்சியிருந்தவர்களுக்கு முழு விமோசனம் கிடைக்க 2003-ம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மலாயாவிலும் அதே கதை

நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களுக்கும் இதே சோதனை வந்தது. 1-8-1953 முதல் மலாயாவில் புதிய குடியேற்றச் சட்டம் அமலாயிற்று. கண்டவர்கள் உள்ளே வர முடியாது. அங்கே இருப்பவர்களின் மனைவி மக்கள் வரலாம் என்ற சலுகை மட்டும் இருந்தது.

1959-ல் அந்தச் சலுகையையும் சுருக்கிவிட்டார்கள். 1954 டிசம்பருக்குப் பிறகு ஐந்து ஆண்டு தொடர்ச்சியாகக் கணவனைப் பிரிந்து அயல்நாட்டில் வாழ்ந்த மனைவிக்கு இனி இடமில்லை என்றார்கள். ஆறு வயதை எட்டிய பிள்ளைகளுக்கும் கதவு சாத்தப்பட்டது.

அந்தக் காலத்து வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். கணவன் அங்கே சம்பாதிப்பான். மனைவி இங்கே பிள்ளைகளை வளர்ப்பாள். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை அவன் வந்து போவான். 'கொஞ்சம் பணம் சேரட்டும், அப்புறம் அழைத்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்டவர்களைத்தான் அந்த விதி அடித்தது. அழைத்துக்கொள்ள நினைத்த நாளில், அழைக்கும் உரிமை அவர்கள் கையில் இல்லை.

இலங்கையும் மலாயாவும் கேட்ட அந்த இரண்டு கேள்விகளைத்தான் இன்றைக்கு அமெரிக்காவும் கேட்கிறது. முறைகள் நாகரிகமாக இருக்கின்றன. மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. கேள்வி மட்டும் மாறவில்லை.

ஆறு மாதம், ஓராண்டு, இரண்டாண்டு

அமெரிக்கச் சட்டத்தில் மூன்று கெடுக்கள் இருக்கின்றன. கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் இவற்றை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

180 நாட்களுக்குள் திரும்பினால் சாதாரணமாகத் தொல்லை இல்லை. அதற்கு மேல் ஆனால், அவரைப் புதிதாக உள்ளே வருகிறவரைப் போல நிறுத்தி விசாரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. எங்கே இருந்தாய், ஏன் இருந்தாய், வீடு எங்கே, வேலை எங்கே என்று கேட்பார்கள்.

ஓர் ஆண்டு நிறைந்துவிட்டால், திரும்பி உள்ளே நுழைவதற்குரிய பத்திரமாகக் கார்டு செல்லாது. கார்டில் தேதி எத்தனை வருஷம் பாக்கி இருந்தாலும் இதுதான் விதி.

ஓராண்டுக்கு மேல் தங்க நேரும் என்று முன்கூட்டித் தெரிந்தவருக்கு ஒரு வழி உண்டு. மறுபிரவேச அனுமதி என்று ஒரு பத்திரம் கொடுக்கிறார்கள். சாதாரணமாக அது இரண்டு வருஷம் வரை செல்லும். ஆனால் அதற்கு மனுப் போடும்போது ஆள் அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும். எரியோட்டிலிருந்து மனுப் போட முடியாது. இங்கே இருந்துகொண்டு நீட்டிக்கவும் முடியாது. கைரேகை கொடுத்துவிட்டுப் புறப்பட்டு வந்தால், பத்திரத்தை இங்குள்ள அமெரிக்கத் தூதரகம் மூலம் வாங்கிக்கொள்ளலாம்.

அவசரத்தில் ஓடி வருகிறவருக்கு இந்த நினைப்பே வராது. தகப்பன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது மனுப் போட்டுக் கைரேகைக்குக் காத்திருப்பவர் யார்? ஆனால் அவர் வந்து தகப்பனாரைப் பார்த்துவிட்டு, ஆறு மாதத்துக்குள் ஒரு தடவை திரும்பிப் போய் மனுவைப் போட்டுவிட்டு மறுபடி வந்திருக்கலாம். டிக்கெட் செலவைப் பார்த்து அதைச் செய்யாமல் விட்டவர்கள் பிறகு அதைப்போல் பல மடங்கு செலவழிக்கிறார்கள்.

இன்னொரு நம்பிக்கையும் பரவியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய் ஒரு வாரம் தலையைக் காட்டிவிட்டு வந்தால் கார்டு பிழைக்கும் என்பது அது. இது பாதி உண்மை. ஒரு தடவை, இரண்டு தடவை பிழைக்கும். வருஷம் முழுவதும் இங்கே வாழ்ந்துகொண்டு அங்கே விருந்தாளியாகப் போய் வருகிறார் என்று உத்தியோகஸ்தர் கண்டுகொண்டால், நாள் கணக்கு அவரைக் காப்பாற்றாது. அங்கே வரி கட்டுகிறாரா, வீடு இருக்கிறதா, வேலை காத்திருக்கிறதா என்று மொத்த வாழ்க்கையையும் எடை போடுவார்கள். 'நான் அமெரிக்கவாசி அல்ல' என்று வரிக் கணக்கில் எழுதிக் கொஞ்சம் பணம் மிச்சப்படுத்தியவர், தன் கையாலேயே தனக்கு எதிராகச் சாட்சி எழுதியவர் ஆகிறார்.

காலம் கடந்தவருக்குக் கதி என்ன?

கதவு அடியோடு மூடிவிடுவதில்லை. எரியோட்டு இளைஞரைப் போல ஓராண்டைக் கடந்தவர்களுக்குத் 'திரும்பும் வாசி' விசா என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்கத் தூதரகத்தில் மனுச் செய்ய வேண்டும். மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும். புறப்பட்ட நாளில் நிரந்தரவாசியாக இருந்தேன். திரும்பி வரும் எண்ணத்துடனேயே புறப்பட்டேன். தாமதம் என் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால் நேர்ந்தது. இவை மூன்றும் நிலைக்க வேண்டும்.

மூன்றாவதுதான் கஷ்டம். 23-3-2020 முதல் இந்தியாவில் சர்வதேச விமானங்கள் வழக்கம்போல் பறக்காமல் நின்றன. அப்போது மாட்டிக்கொண்டவர்கள் சொன்ன காரணத்தை யாரும் மறுக்க முடியாது. தகப்பனாரின் பக்கவாதம்? ஆஸ்பத்திரிக் காகிதங்கள் ஒழுங்காக இருந்தால் அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் பதினான்கு மாதத்தில் எத்தனை மாதம் வைத்தியத்துக்கு, எத்தனை மாதம் கல்யாணத்துக்கு என்று உத்தியோகஸ்தர் கேட்டால் என்ன சொல்வது? கல்யாணம் அவருடைய சொந்த விருப்பம். அதைத் தடுக்க முடியாத காரணம் என்று சொல்ல முடியாது. நமது குடும்பத்தில் இரண்டும் ஒரே கடமையின் இரண்டு பாகங்கள். அயல்நாட்டுக் காகிதத்தில் இரண்டும் இரண்டு வேறு கட்டங்கள்.

விசா இல்லாமல் கார்டை மட்டும் நம்பி விமானம் ஏறி அங்கே போய் இறங்குகிறவர்களும் உண்டு. அது துணிச்சலான காரியம். அப்படி இறங்கியவர் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். விமான நிலையத்து உத்தியோகஸ்தர் தாமாகவே ஒருவரின் நிரந்தரவாச உரிமையை முடிவாகப் பறித்துவிட முடியாது. 'உரிமையை நானே விட்டுக்கொடுக்கிறேன்' என்று எழுதிய படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. மறுத்துவிட்டுக் குடியேற்ற நீதிபதியின் முன் தம் வழக்கைச் சொல்லலாம். பயத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர், நீதிபதியிடம் போகும் வழியைத் தாமே அடைத்துக்கொண்டவர் ஆகிறார்.

மனைவிக்கு வரிசை

இனி அந்த வேடசந்தூர்ப் பெண்ணின் நிலை.

அமெரிக்கப் பிரஜையின் மனைவி என்றால் எண்ணிக்கை வரம்பு கிடையாது. காகித வேலை முடிகிற காலம்தான். நிரந்தரவாசியின் மனைவி என்றால் வரிசையில் நிற்க வேண்டும். நிரந்தரவாசிகளின் கணவன், மனைவி, மணமாகாத சிறு பிள்ளைகள் ஆகியோருக்கு உலகம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 87,900 இடங்களைத்தான் சட்டம் அடிப்படையாக ஒதுக்கியிருக்கிறது. மனுப் போட்ட தேதியின்படி வரிசை நகரும். எந்தத் தேதி வரை வந்திருக்கிறது என்று அமெரிக்க வெளிநாட்டு இலாகா மாதந்தோறும் பட்டியல் வெளியிடுகிறது. காத்திருப்பு வருஷக் கணக்கில் நீளுவது சகஜம்.

அதுவரை சும்மா பார்த்துவிட்டு வர விசா கேட்கலாமே என்று தோன்றும். கேட்கலாம். ஆனால் குடியேற மனுப் போட்டிருக்கும் பெண் 'திரும்பி வந்துவிடுவேன்' என்று சொல்வதை நம்ப வைப்பது கஷ்டம்.

முறை வந்த பிறகும் ஒரு கண்டம் இருக்கிறது. மனைவியைக் காப்பாற்றும் பொறுப்பு என்னுடையது என்று கணவன் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு அவருடைய வாசஸ்தலம் அமெரிக்காவாக இருக்க வேண்டும். அந்த நாட்டு வறுமைக் கோட்டு வருமானத்தில் 125 சதவிகிதமாவது சம்பாதிக்க வேண்டும். எரியோட்டில் உட்கார்ந்துகொண்டு, இங்கே வருகிற வருமானத்தைக் காட்டி இந்தப் பத்திரத்தை நிறைவேற்ற முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. மனைவிக்கு விசா கிடைக்குமுன் கணவனின் நிரந்தரவாச உரிமை முடிந்துபோனால், அவர் போட்ட மனுவும் அதோடு முடிந்துபோகிறது. வருஷக் கணக்காக வரிசையில் நின்றதெல்லாம் வீண்.

இதுதான் முடிச்சு. மனைவியோடு இருக்க வேண்டும் என்று கணவன் ஊரில் தங்கினால், மனைவியை அழைக்கும் உரிமை கரைகிறது. அந்த உரிமையைக் காக்க வேண்டும் என்று அவர் புறப்பட்டால், புது மனைவி தனியாக இருக்கிறாள். பிரஜை ஆகிவிட்டால் வரிசை தீரும். ஆனால் அதற்கும் ஐந்து வருஷத் தொடர்ச்சியான வாசம் வேண்டும். ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் அந்தத் தொடர்ச்சியும் அறுகிறது.

மற்ற நாடுகளில் எப்படி?

கனடாவில் ஐந்து வருஷத்தில் 730 நாட்கள் அந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. கணக்கு வெளிப்படையாக இருக்கிறது. குறைந்து போனாலும், மனிதாபிமானக் காரணம் சொல்லி வாதாட இடம் உண்டு. ஆனால் நிரந்தரவாசியாக இருப்பவர் மனைவியை அழைக்க வேண்டுமானால் கனடாவிலேயே வசித்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் திரும்பும் விசாவுக்கு ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷம் என்பதே சாதாரண அளவு. பிரிட்டனில் தொடர்ச்சியாக இரண்டு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்தால் வாச உரிமை காலாவதி ஆகிறது.

சிங்கப்பூரில் நிரந்தரவாசி வெளியே போக மறுபிரவேச அனுமதி வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும்போது அது காலாவதி ஆனால் உரிமையே போய்விடும் என்ற நிலை இருந்தது. 1-12-2025 முதல், அப்படி மாட்டிக்கொண்டவர்கள் மனுச் செய்ய 180 நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். மறதியால் வாழ்க்கை போய்விடக் கூடாது என்று ஒரு சர்க்கார் எண்ணியதற்கு அடையாளம் இது.

நியாயம் யார் பக்கம்?

சட்டத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. வசிப்பதற்காகக் கொடுத்த உரிமையை, அவசரத்துக்கு உதவும் டிக்கெட்டைப் போலப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். வரிசையில் நிற்கும் வேறொருவருக்கு அந்த இடம் போகட்டும் என்று ஒரு நாடு நினைப்பதில் தவறில்லை.

ஆனால் வேலையைத் தேடிப் போனவன் பெற்றவர்களை மறக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் எதிர்பார்க்கக் கூடாது. தாய் தகப்பனின் நோய்க்கு ஆஸ்பத்திரி அத்தாட்சியோடு வந்து தங்கிய காலத்தை, இவ்வளவு மாதம் என்று வரையறுத்துக் கணக்கிலிருந்து கழித்துவிட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. உத்தியோகஸ்தரின் மனத்தை நம்பி நிற்கும் வேதனையும் இருக்காது.

மனைவி விஷயத்திலும் வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவே ஒரு முறை செய்து காட்டியிருக்கிறது. 2000-ம் ஆண்டு டிசம்பரில் வந்த ஒரு சட்டம், நிரந்தரவாசிகளின் மனைவி மக்களில் மூன்று வருஷத்துக்கு மேல் வரிசையில் காத்திருந்தவர்கள் அமெரிக்காவுக்கே வந்து, கணவனோடு இருந்தபடி காத்திருக்கலாம் என்றது. 21-12-2000 வரை மனுப் போட்டவர்களுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. அந்தத் தேதியை நீட்டியிருந்தால், இன்று கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிரிந்திருக்கும் எத்தனையோ தம்பதிகள் ஒரே கூரையின் கீழ் இருந்திருப்பார்கள்.

செய்ய வேண்டியது என்ன?

சட்டம் மாறும் வரை குடும்பங்கள் காத்திருக்க முடியாது. வரிசைக் கிரமம் தெரிந்து காரியம் செய்ய வேண்டும். முதலில் கணவனின் உரிமை; அதன் மேல்தான் மனைவியின் உரிமை. அஸ்திவாரம் சரிந்த பிறகு சுவர் எழுப்ப முடியாது.

ஊருக்குப் புறப்படுமுன், தங்கல் நீளும் என்ற சந்தேகம் இருந்தாலே மறுபிரவேச அனுமதிக்கு மனுப் போட்டுவிட வேண்டும். அவசரத்தில் வந்துவிட்டால் ஆறு மாதத்துக்குள் ஒருமுறை திரும்பிப் போய் அதைச் செய்ய வேண்டும். எப்படியும் ஓராண்டு நிறைய விடக் கூடாது. அங்குள்ள வாடகைச் சீட்டு, பாங்குக் கணக்கு, வரிக் கணக்கு, லீவுக் கடிதம், இங்குள்ள ஆஸ்பத்திரி ரசீதுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு கட்டில் வைத்திருக்க வேண்டும். அன்று தோட்டத் தொழிலாளியிடம் இல்லாமல் போனது இந்தக் கட்டுதான்.

கல்யாணம் முடிந்தவுடன் பதிவு செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்வது கட்டாயம். மண்டபத்து வீடியோவும் பத்திரிகையும் மட்டும் போதாது. மாப்பிள்ளை, பெண் இருவரின் பெயரும் இன்ஷியலும் பாஸ்போர்ட்டிலும் பதிவுச் சான்றிதழிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடாமல், சான்றிதழ் வந்தவுடன் மனைவிக்கு மனுப் போட்டுவிட வேண்டும். வரிசையில் இடம் அந்தத் தேதியிலிருந்துதான்.

பெண் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. மாப்பிள்ளைக்குக் கிரீன் கார்டு என்று தரகர் சொன்னால், அவர் பிரஜையா நிரந்தரவாசியா, கடைசியாக எப்போது புறப்பட்டு வந்தார், திரும்பும் தேதி என்ன என்று கேளுங்கள். ஜாதகம் கேட்பதைப் போலவே இதையும் கூச்சமில்லாமல் கேட்கலாம். கல்யாணத்துக்குப் பிறகு பெண் எத்தனை வருஷம் தாய் வீட்டில் இருக்க வேண்டி வரும் என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.

எரியோட்டு வீட்டில் இனி நடக்க வேண்டியது இது. மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக் காகிதங்களைத் திரட்டிக்கொண்டு, விஷயம் தெரிந்த வக்கீலைக் கலந்து, திரும்பும் வாசி விசாவுக்கு மனுப் போட வேண்டும். கிடைத்தால் தனியாகத்தான் புறப்பட வேண்டும். போனவுடன் வீடும் வேலையும் நிலைப்படுத்திக்கொண்டு மனைவியின் மனுவைக் கவனிக்க வேண்டும். அவள் முறை வர வருஷங்கள் ஆகலாம்.

மாமனாருக்கு இது வருத்தமாகத்தான் இருக்கும். "அப்ப பாப்பா இங்கேயே இருக்கட்டுங்களா?" என்று கேட்பார். "கொஞ்ச நாளைக்கு அப்படித்தாங்க மாமா" என்பதுதான் நேர்மையான பதில். கல்யாணத்துக்கு நாள் குறித்த அன்றைக்கே அந்தப் பதில் தெரிந்திருந்தால், வருத்தம் பாதியாகக் குறைந்திருக்கும்.